நாலு தைலமரமும் ரெண்டு கயிறும்

கொடைக்கானல்னு சொன்னதும் ஏரி, படகு, பில்லர் ராக்ஸ், சாக்லேட், கூடவே ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம்னு ஞாபகம் வர்றவங்க நிறைய பேர் இருப்பீங்க. அந்தத் தைலம் எந்த மரத்துல இருந்து வருதோ அந்த மரத்தை எங்க வீட்டுல கொஞ்சம் பயத்தோடதான் பார்ப்போம். ஏன்னு சொல்றேன்.

எங்க சித்தப்பா வீடு வில்பட்டிக்குப் பக்கத்துல பள்ளங்கியில இருக்கு. கேரட், பீன்ஸ், பூண்டு, வரப்போரத்துல நாலஞ்சு பட்டர் ஃப்ரூட் மரம், இதுதான் அவர் உலகம். நிலம் முழுக்க படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இறங்கும். ஒரு அடுக்குல வீடு, அதுக்கு மேல் அடுக்குல நாலு தைலமரம். வீட்டுக்குக் கீழே இன்னொரு குடும்பம், ரெண்டு சின்னப் பசங்களோட. நடுவுல கரண்ட் லைன் போகுது. நாலு மரமும் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கும்னு கேக்கவே வேண்டாம். வீட்டுப் பக்கம்தான் :-)

மதுரைப் பக்கம் இதை ஆர்.எஸ்.பதி மரம்னு சொல்றவங்க உண்டு. தைலம் விக்கிறவங்க பேரே மரத்துக்கு வந்துருச்சு. வெள்ளைக்காரங்க 19ஆம் நூற்றாண்டுல ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவந்த ஜாதி. விறகுக்கு ஆகும், சீக்கிரம் வளரும்னு நட்டாங்க. பின்னாடி வாட்டில், பைன் எல்லாம் சேர்ந்து பழனி மலையோட புல்வெளியில பெரும்பகுதியை முழுங்கிருச்சு. அது பெரிய கதை, இங்கே வேண்டாம். நம்ம கதைக்குத் தேவையானது ஒண்ணுதான்: இந்த மரம் 30 மீட்டர் உயரத்துக்கு சர்வ சாதாரணமா போகும். பத்து மாடிக் கட்டடம் ஒண்ணு உங்க ஓட்டு வீட்டுக்கு மேலே சாய்ஞ்சு நிக்குதுன்னு நினைச்சுப் பாருங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, திருச்சி, திண்டுக்கல்னு உள்ளே வந்து மலையையும் ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போச்சு. டெல்டாவுல தென்னை மரங்கள் விழுந்ததை ஊரே பேசிச்சு. கொடைக்கானல் பக்கமும் ரோட்டுல, லைன் மேல, கூரை மேலன்னு மரங்கள் விழுந்து கிடந்தது. சித்தப்பாவோட நாலு மரமும் அன்னிக்கு விழலை. ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க சித்தி தூங்காம கூரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். மறுநாளே முடிவாகிருச்சு, மரத்தை எடுத்துரணும்.

மலையில சொந்தப் பட்டா நிலத்து மரமா இருந்தாலும் நினைச்சவுடனே கோடாலியைத் தூக்க முடியாது. 1955ல வந்த மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. மனு போடணும், ஆள் வந்து பாக்கணும், அனுமதி வரணும். சித்தப்பா அலைஞ்ச கதை தனிப்பதிவுக்கு ஆகும், அதனால தாண்டிடறேன். அனுமதி வந்து, மரம் வெட்டுற மேஸ்திரியும் வந்து நின்னப்போ நானும் லீவு போட்டுட்டு ஊர்ல இருந்தேன்.

மேஸ்திரி முப்பது வருசம் மரம் வெட்டின ஆள். ரெண்டு செயின்சா, இரும்பு ஆப்பு, அருவாள், கூட ஒரு பெரிய சுருள் நீலக் கயிறு. கயித்தைத் தூக்கிக் கீழே போட்டுட்டு, "நைலான் கயிறு தம்பி. லாரியவே இழுக்கும்"னார்.

சித்தப்பாவுக்கு வேற யோசனை. ஜீப்புல இரும்பு ஒயர் ரோப் இருக்கு, அதைக் கட்டி ஜீப்பை வெச்சு இழுத்துரலாம்னார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்னும் ஒரு படி மேல. "பத்து ஆளு சேந்து தேர் வடம் மாதிரி புடிச்சா தானா வரும்யா."

மூணு பேர், மூணு கயிறு. மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி: எது அறாது? எனக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கயிறு பத்திப் படிக்கிற வியாதி ரொம்ப நாளா உண்டு. அதனால இந்தப் பஞ்சாயத்துல நானும் மூக்கை நுழைச்சேன். என் கட்சி இதுதான்: அறுமா அறாதாங்கிறது ரெண்டாவது கேள்வி. எவ்வளவு நீளும்ங்கிறதுதான் முதல் கேள்வி.

அதுக்கு முன்னாடி கையில இருக்கறது என்ன கயிறுன்னு தெரியணும் இல்லையா? நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில பிளாஸ்டிக் கயிறு எதைக் கேட்டாலும் பேரு "நைலான்"தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கெட் தண்ணி போதும். கயித்துல ஒரு சாண் வெட்டித் தண்ணியில போடுங்க. மிதந்தா அது பாலிப்ரொப்பிலீன் இல்லேன்னா பாலிஎதிலீன். முங்கினா நைலானோ பாலியஸ்டரோ. மேஸ்திரி கயித்துல ஒரு துண்டு வெட்டிப் போட்டோம். கப்பல் மாதிரி மிதந்துச்சு. மேஸ்திரி கொஞ்ச நேரம் பக்கெட்டையே பாத்துட்டு, "அப்ப இத்தன வருசமா நைலான்னு சொல்லியா வித்தான்?"னு கேட்டுட்டுச் சிரிச்சுட்டார். நல்ல மனுசன்.

பாலிப்ரொப்பிலீன் மோசமான கயிறுன்னு சொல்ல வரலை. லேசா இருக்கும், மலிவு, மழையில நனைஞ்சா அழுகாது. புதுசுல 16 எம்.எம். கயிறு மூணரை டன் வரைக்கும் தாங்கும். பிரச்சினை "புதுசுல"ங்கிற வார்த்தையில இருக்கு. வெயில்ல கிடந்தா இது சீக்கிரம் செத்துரும். லாரி தார்ப்பாய் மேல வருசக்கணக்கா கட்டிக் கிடந்த கயித்தை எடுத்து முறுக்கிப் பாருங்க, மாவு மாதிரி உதிரும். அதுக்கப்புறம் அது மூணரை டன்னா, முந்நூறு கிலோவான்னு அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது. இன்னொண்ணு சூடு. கிட்டத்தட்ட 165 டிகிரியில இது உருகிரும். மரத்துல ரெண்டு சுத்துச் சுத்தி பாரத்தோட வழுக்க விட்டா உரசுற இடம் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகிரும். அந்த இடத்துலதான் அடுத்த தடவை அறும். பாலியஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல வேணும். இந்தச் சூடு விஷயம் பின்னாடி முக்கியமா வரப்போகுது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

நிஜ நைலான் இதைவிட பலசாலி. 16 எம்.எம். அஞ்சு டன் தாங்கும். ஆனா அது ரப்பர் மாதிரி. நல்ல பாரம் ஏத்தினா பத்து சதவீதம் நீளும், அறுபடற நேரத்துல இன்னும் ரொம்ப ஜாஸ்தி. நனைஞ்சா பலத்துல பத்து பதினஞ்சு சதவீதம் குறையவும் செய்யும். கொடைக்கானல்ல நனையாத நாள் எது? பாலியஸ்டர் பலத்துல நைலானுக்குக் கொஞ்சம் கம்மி, 16 எம்.எம். நாலு டன் சொச்சம்தான். ஆனா பின்னல் கயிறா வாங்கினா வேலை பாரத்துல ரெண்டு மூணு சதவீதம்தான் நீளும், நனைஞ்சாலும் அதே பலம். இரும்பு ஒயர் கால் சதவீதம் நீண்டாலே பெரிசு.

தென்னை நார் வடம் பத்தியும் ஒரு வார்த்தை, இல்லேன்னா பெரியவர் கோச்சுக்குவார். அதே பருமன்ல நல்ல மணிலாக் கயிறே ரெண்டு டன்னுலதான் நிக்கும். தென்னை நார் அதைவிட ரொம்பக் கம்மி. தேர் வடம் அவ்வளவு குண்டா இருக்கறதுக்குக் காரணமே இதுதான்.

எல்லா எண்ணுமே முடிச்சுப் போடாத கயித்துக்கு. முடிச்சுப் போட்டா மூணுல ஒரு பங்கு, சில முடிச்சுல பாதி போயிரும். மிச்சத்துலயும் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல பாரம் ஏத்தக்கூடாது. நாலு டன் கயிறுன்னா கணக்குல அது ஐந்நூறு அறுநூறு கிலோ கயிறுதான்.

அது போதுமா? போதும்ங்கிறதுதான் ஆச்சரியம். சும்மா ஒரு கணக்குப் போட்டேன். மரம் மூணு டன், அதோட எடை மையம் அடிமரத்துல இருந்து ஒரு மீட்டர் வீட்டுப் பக்கம் தள்ளி இருக்குன்னு வெச்சுக்குவோம். கயித்தை ரெண்டு மீட்டர் உயரத்துல கட்டினா மரத்தை எதிர்ப்பக்கம் நிறுத்தவே ஒன்றரை டன் இழுக்கணும். பன்னிரண்டு மீட்டர் உயரத்துல கட்டினா? கால் டன் போதும். நெம்புகோல், அவ்வளவுதான். கடையில தடிச்ச கயித்துக்குக் குடுக்கிற காசை விட ஏணியில இன்னும் ஆறு படி ஏறுறது லாபம். ரொம்ப உச்சிக்குப் போனா கொப்பு முறியும், அதனால பாதி உயரத்தைத் தாண்டினதும் நல்ல கவட்டையா பாத்து நிறுத்திக்கணும்.

இப்போ நீளுற விஷயத்துக்கு வர்றேன். மரம் 30 மீட்டர் உயரம்னா இழுக்கிறவன் அதைவிட ஒன்றரை மடங்காவது தள்ளி நிக்கணும், 45 மீட்டர். 45 மீட்டர் நைலான் பத்து சதவீதம் நீண்டா நாலரை மீட்டர். ரெண்டரை ஆள் உயரம்! அடியில முக்கால்வாசி அறுத்தாச்சு, அந்த நேரம் பார்த்து ஒரு காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது, கயிறு அறவே இல்லை, கம்பீரமா இருக்கு, ஆனா மரம் நாலரை மீட்டர் வீட்டுப் பக்கம் சாய்ஞ்சுருச்சு. அடிமரத்துல அறுக்காம விட்டிருக்கிற பட்டை, கதவுக்குக் கீல் மாதிரி, அதுதான் மரத்தை வழிநடத்துது. அது அந்த ஆட்டத்துல முறிஞ்சிருச்சுன்னா முடிஞ்சுது. "கயிறு அறலையே"ன்னு சொல்லிக்கிட்டு இடிஞ்ச வீட்டைப் பாக்கலாம். பாலியஸ்டர்னா இதே ஆட்டம் ஒரு மீட்டர் சொச்சத்துல அடங்கிரும். ஒயர்னா ஒரு சாணுக்குள்ள.

நீளுற கயித்துக்கு இன்னொரு குணம், அது கோபத்தைச் சேத்து வெச்சுக்கும். கவண் மாதிரி. அறுந்தா அவ்வளவும் ஒரே நொடியில திரும்பி வரும். மேஸ்திரி அப்பதான் ஒரு விஷயம் சொன்னார். பல வருசம் முன்னாடி வேற ஒரு மலையில ஜீப்புல கயித்தைக் கட்டி இழுத்திருக்காங்க. கயிறு தாங்கிருச்சு, அதோட நுனியில இருந்த கொக்கி கழண்டு ஜீப் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ளே போச்சாம். டிரைவருக்கு ஒரு கண்ணு போயிருச்சு. "அன்னைல இருந்து நான் ஜீப்பு வெச்சு இழுக்கறதுல்ல தம்பி"ன்னார். ஆக, சித்தப்பா யோசனைக்கு எதிரா நான் பேச வேண்டிய வேலையே இல்லாம போச்சு.

ஜீப்போட தப்பு அது மட்டும் இல்லை. எவ்வளவு இழுக்குதுன்னு டிரைவருக்குத் தெரியாது. ஈரச் சரிவுல வண்டி வழுக்கும். படக்குனு ஒரு வெட்டு வெட்டினா பாரம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏறும். சாய்ஞ்ச தைலமரத்தை அறுத்து முடிக்கிறதுக்கு முன்னாடி அளவுக்கு மீறி இழுத்தா மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி எகிறி அறுக்கிறவன் மேலயே விழும். வாட்டில்லயும் இது நடக்கும். மரம் வெட்டுறவங்களுக்குத் தூக்கத்துலயும் வர்ற பயம் இது.

ஒயர் அறுந்தா எகிறாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. நம்பாதீங்க. நைலான் அளவுக்கு சேத்து வைக்காது, சரி. ஆனா 12 எம்.எம். ஒயர் மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல எடை. அந்த எடை சாட்டை மாதிரி சுழண்டு வந்தா முழங்கால் இருக்காது. அதுக்குத்தான் இறுகின ஒயரோட நடுவுல ஒரு நனைஞ்ச சாக்கு, கனமான ஜமுக்காளம், எதையாவது போட்டு வைப்பாங்க. அறுந்தா அது ஒயரைக் கீழே அமுக்கும். ஒயருக்கு இன்னொரு கெட்ட குணம், ஒரு இடத்துல மடிஞ்சு கண்ணு விழுந்தா அவ்வளவுதான், நிமித்தினாலும் பலம் திரும்பாது. மேல ஒண்ணு ரெண்டு இழை அறுந்து நீட்டிக்கிட்டிருந்தா வெறுங்கையைக் கிழிச்சுரும். மேஸ்திரி முன்னங்கையில மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு கோடு இருக்கு. தோல் கையுறை இல்லாம தொடக்கூடாது.

அப்ப எந்தக் கயிறு? எனக்கு விடை கிடைச்சது புத்தகத்துல இல்லை, பூம்பாறைத் தேர்ல.

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேர் பாத்திருக்கீங்களா? பள்ளங்கிக்காரங்க எல்லாரும் போற தேரோட்டம். கீழ்நாட்டுத் தேருக்கு முன்னாடி மட்டும்தான் வடம். பூம்பாறைத் தேருக்கு முன்னாடியும் வடம், பின்னாடியும் வடம். ஊரே ஏத்தமும் இறக்கமும். முன்னாடி இருக்கறவங்க இழுக்கறாங்க, இறக்கத்துல தேர் பிச்சுக்கிட்டு ஓடாம பின்னாடி இருக்கறவங்க பிடிச்சுக்கறாங்க. மேஸ்திரி மரத்தைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, "இது பூம்பாற தேரு கணக்கா தம்பி. ஒண்ணு இழுக்கணும், ஒண்ணு புடிக்கணும்"னு சொன்னதும் எனக்குப் பளிச்சுன்னு ஆகிருச்சு. நாம இத்தனை நேரம் ரெண்டு வேலைக்கு ஒரே கயித்தைத் தேடிக்கிட்டு இருந்திருக்கோம்.

மரம் கீழே வீட்டைப் பாத்து சாய்ஞ்சிருக்கு. அதை நேர் எதிரா மலைமேட்டுப் பக்கம் தள்ளுறது பெரும்பாடு. அடுக்கு நீளத்துக்குப் பக்கவாட்டுல படுக்க வைக்கிறதுதான் சுலபம். அப்ப ஒரு கயிறு அடுக்கு வழியா பக்கவாட்டுல இழுக்கும். இன்னொரு கயிறு மேட்டுல இருந்து, கீழே சாயாதேன்னு பிடிச்சுக்கும்.

இழுக்கிற கயிறு கொஞ்சம் நீண்டாலும் மன்னிச்சிரலாம். சில பேர் கொஞ்சம் நீளுறது நல்லதுன்னே சொல்வாங்க, மரம் நகர ஆரம்பிச்ச பிறகும் அது தொடர்ந்து இழுக்குமாம். அதுல நியாயம் இருக்கு. ஆனா பிடிக்கிற கயிறு நீளவே கூடாது. நீண்டா அது பிடிக்கலைன்னு அர்த்தம்.

அப்படின்னா பிடிக்கிறதுக்குத்தானே ஒயர்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார். அடிமரத்துல கீல் மாதிரி விட்ட பட்டை இருக்கே, அந்தக் கீலோட அச்சை மேட்டுப் பக்கம் நீட்டினா வர்ற கோட்டுல, அதே மட்டத்துல கயித்தைக் கட்டினா மரம் விழ விழ கயித்தோட நீளம் மாறாது. கதவுல எந்த இடத்தைத் தொட்டாலும் அச்சுல இருந்து தூரம் மாறாது இல்லையா, அதே கதை. ஆனா நாம கட்டப்போறது மேட்டுல, அடிமரத்தை விட உசரத்துல. அதனால மரம் படுக்கப் படுக்க கயிறு பத்தாம இறுகும். அப்போ யாராவது அளவா விட்டுக் குடுக்கணும். மேல நிக்கிற ஒரு பழைய அடிக்கட்டையில மூணு சுத்துச் சுத்தி, வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் நின்னா போதும், உரசலே பாரத்தைத் தாங்கிக்கும், தேவைப்படறப்போ நழுவ விடலாம். ஒயரை இப்படிக் கையால விட முடியாது. நீலக்கயித்தை விட்டா உருகும். அந்த 165 டிகிரி இங்கேதான் வேலை செய்யுது. பின்னின பாலியஸ்டர் மட்டும்தான் இந்த ரெண்டு பரீட்சையிலயும் தேறுச்சு.

இழுக்கிறதுக்கு ஒயர், ஆனா ஜீப்பு இல்லை. திண்டுக்கல்ல டிர்ஃபர் மிஷின் வாடகைக்கு எடுத்தோம். பாக்காதவங்களுக்கு: கையால நெம்புற மிஷின். உள்ளே ரெண்டு தாடை, நாம கயித்தைக் கை மாத்திக் கை மாத்தி இழுப்போமே, அதே மாதிரி மாறி மாறி ஒயரைக் கவ்வி இழுக்கும். நாங்க எடுத்தது 1.6 டன் மாடல். ஒயர் அதுக்குன்னே வர்ற அளவு, 11 எம்.எம். சொச்சம், கண்ட ஒயரை விடக்கூடாது. இதுல எனக்குப் பிடிச்சது, அளவுக்கு மீறி நெம்பினா கைப்பிடியில இருக்கிற சின்னப் பின்னு முதல்ல உடைஞ்சிரும். ஒயருக்கு ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே மிஷின் "போதும்"னு சொல்லிரும். எந்த ஜீப்பு அப்படிச் சொல்லும்? அதோட ஒரு நெம்புக்கு சில சென்டிமீட்டர்தான் நகரும். அறுக்கிறவரும் நெம்புறவரும் கண்ணாலயே பேசிக்கலாம்.

அடுக்குல நேரா 45 மீட்டர் இடம் இல்லை. அதனால கடைசியில இருந்த ஒரு பெரிய அடிக்கட்டையில கப்பியைக் கட்டி, ஒயரை அங்கே திருப்பி, மிஷினை மரம் விழாத பக்கமா ஒதுக்கி வெச்சோம். கப்பி போட்டா ஒண்ணு கவனிக்கணும், ஒயர் செங்கோணத்துல திரும்பினா கப்பி கட்டின கட்டைக்கு இழுவையைப் போல ஒண்ணே முக்காலே அரைக்கால் இல்லை, சுமார் 1.4 மடங்கு பாரம். முழுசா யூ மாதிரி திரும்பினா ரெண்டு மடங்கு. சொத்தைக் கட்டையில கட்டினா கட்டையே பறந்து வரும். ஒயர் நுனியில கண்ணி போடுற கிளிப் மூணாவது போடணும், யூ போல்ட் குட்டை நுனிப் பக்கம் வரணும். எங்க மிஷின்ல அது மாத்திப் போட்டிருந்தது. மேஸ்திரி ஒண்ணும் சொல்லாம ஸ்பேனரை எடுத்துக் கழட்டித் திருப்பிப் போட்டார்.

வெட்டு நாள். காலையில ஏழு மணிக்கு பனி அப்படியே நிக்குது. "காத்து எந்திரிக்கறதுக்குள்ள ரெண்டு மரம் முடிச்சிரணும்"னு மேஸ்திரி அவசரம். மின்வாரியத்துல சொல்லி லைனை நிறுத்தியாச்சு. ஒயரும் சரி, நனைஞ்ச கயிறும் சரி, லைன் மேல பட்டா கரண்டைக் கொண்டு வந்து கையில குடுத்துரும். கீழ்வீட்டுப் பசங்களை அவங்க அம்மா வில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சித்தியும் வீட்டுக்குள்ள இல்லை, எதிர் மேட்டுல போய் உக்காந்துக்கிட்டாங்க.

ஒயர் இறுகினதும் நடுவுல ரெண்டு நனைஞ்ச சாக்கு. பாலியஸ்டர் மேட்டுக் கட்டையில மூணு சுத்து, மேஸ்திரியோட மச்சான் வாலைப் பிடிச்சுக்கிட்டு. நான் எங்கே நிக்கணும்னு கேட்டேன். "கயிறு அறுந்தா எங்கிட்டுப் போகும்னு பாத்துட்டு அங்கிட்டு நிக்காதீக"ன்னார். ரெண்டு கயித்துக்கும் எட்டாத இடம் தேடி நாப்பது அடி மேல ஏறிட்டேன்.

முதல் மரம் வாய் வெட்டினதும் லேசா முனகுச்சு. பின்பக்கம் அறுக்க ஆரம்பிச்சு பாதி போனதும் கீழே சாய ஒரு எத்தனம் பண்ணுச்சு. மேட்டுக் கயிறு விண்ணுன்னு ஆச்சு, ஒரு அடி கூட நகரலை. அந்த ஒரு நொடி எதிர் மேட்டுல சித்தி எழுந்து நின்னதை நான் பாத்தேன். மிஷின்ல நாலு நெம்பு. மரம் யோசிச்சு யோசிச்சுப் பக்கவாட்டுல திரும்பிச்சு. மச்சான் கயித்தைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டார், கட்டையில இருந்து லேசா புகை வாசனை. அப்புறம் தடதடன்னு அடுக்கு நீளத்துக்குப் படுத்துருச்சு. பூண்டுப் பாத்தி ஒண்ணு போச்சு. போகட்டும்.

ரெண்டும் மூணும் அதே மாதிரி. மூணாவதுக்கு நடுவுல காத்து எழும்பி, ஒரு மணி நேரம் ஒயரை இறுக்கி வெச்சுட்டு டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்படிக் காத்திருக்கும்போது மிஷின் ஒரு துளி கூடப் பின்னாடி விடலை. பத்து ஆள் வடம் பிடிச்சிருந்தா கையை விட்டுட்டு டீ குடிச்சிருக்க முடியுமா?

நாலாவது மரத்தை மேஸ்திரி இழுக்க மாட்டேன்னுட்டார். கொப்பு முழுக்க வீட்டுப் பக்கம், எந்தக் கயிறும் நியாயமா பிடிக்கிற பாரம் இல்லைன்னார். ஆள் ஏறி மேலே இருந்து கொப்பு கொப்பா கழிச்சு, பாரத்தைக் குறைச்சு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் மொட்டை மரத்தை இழுத்தோம். ஏறுற பையன் பாலியஸ்டரைப் பாத்துட்டு, "இது நல்லாருக்குண்ணே, இடுப்புல இதையே கட்டிக்கிறேன்"னான். மேஸ்திரிக்கு அப்படி ஒரு கோவம் வந்து நான் பாத்ததே இல்லை. மூணு மரத்தோட பாரம் ஏறின கயிறு, உள்ளே எந்த இழை செத்துருக்குன்னு வெளிய தெரியாது, மரம் இழுத்த கயித்துல ஆளு தொங்கக் கூடாதுன்னு சத்தம் போட்டார். பையனுக்குத் தனியா புதுக்கயிறு வந்தது.

இப்போ அந்தப் பாலியஸ்டர் கயிறு சித்தப்பா வீட்டுல மண்ணு போகக் கழுவி, நிழல்ல காயவெச்சு, சுருட்டி, வெயில் படாத அறையில தொங்குது. மேஸ்திரி நடுநடுவுல வந்து வாங்கிட்டுப் போய் திருப்பிக் கொண்டு வந்து குடுக்கறார். சித்தி துணி காயப்போட கொடி கட்ட அதைக் கேட்டாங்க. சித்தப்பா தரலை. மிதந்துச்சே நீலக்கயிறு, அதுல நல்லா இருந்த ஒரு துண்டு கொடியாகிருச்சு.